பகாஹி லாகா பசாஹே: இது எந்த மொழி?

நீங்கள் கேட்டது இதுதான்: சாத்தானை வரவழைக்கும் ஆதி மந்திரம் என்று ஒரு வீடியோவில் ஒன்பது வரி ஓடுகிறது. அது ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கம் பேசும் பாஸ்க் மொழி என்று ஒருவர் சொல்கிறார், ஹீப்ரு என்று இன்னொருவர், மனிதர் பேசும் மொழியே இல்லை என்று மூன்றாமவர் சத்தியம் செய்கிறார். உண்மையில் அது எங்கிருந்து வந்தது? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிஸில், சுமார் 1260களில், ருத்பெஃப் என்ற பிரெஞ்சுக் கவிஞர் தன் நாடகத்தில் ஒரு மந்திரவாதி சொல்வதற்காகக் கட்டிய வரிகள் இவை. நாடகத்தின் பெயர் 'தியோஃபிலின் அற்புதம்'. முழு நாடகமும் இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் 837 என்ற எண்ணுள்ள பிரெஞ்சுச் சுவடியில் இருக்கிறது. அதைவிடப் பழைய ஏட்டில் இந்த மந்திரம் யார் கண்ணிலும் பட்டதில்லை.

"சுவடி கிடைக்கவில்லை என்றால் மந்திரமே இல்லை என்று ஆகிவிடுமா, வாய்மொழியாக வந்திருக்கலாமே" என்று அடுத்த கேள்வி வரும், எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்த வரிகளுக்குள்ளேயே இருக்கிறது, அகராதியைப் புரட்ட வேண்டாம், விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். வரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

பகாஹி லாகா பசாஹே
லமாக் காஹி அசபாஹே
கரேலியோஸ்
லமாக் லமேக் பசாலியோஸ்
கபஹாகி சபாலியோஸ்
பரியோலாஸ்
லகோசாதா கபியோலாஸ்
சமஹாக் எத் ஃபமியோலாஸ்
ஹர்ராஹியா

இப்போது எண்ணுங்கள். நம் நேரசை, நிரையசைக் கணக்கு வேண்டாம், பிரெஞ்சு யாப்பில் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒரு விரல், அவ்வளவுதான். ப-கா-ஹி-லா-கா-ப-சா-ஹே, எட்டு. ல-மாக்-கா-ஹி-அ-ச-பா-ஹே, எட்டு. க-ரே-லி-யோஸ், நான்கு. அடுத்த மூன்று வரியும் எட்டு, எட்டு, நான்கு. அதற்கடுத்த மூன்றும் அப்படியே. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. நான் முதன்முறை எண்ணியபோது ஏதோ தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன்.

அப்புறம் இயைபைப் பாருங்கள். முதல் இரண்டு வரி 'ஹே' என்று முடிகிறது. மூன்றாவது குட்டி வரி 'லியோஸ்' என்று வேறு ஒலியில் முடிகிறது. அந்த லியோஸைப் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு நீள வரிகள் வருகின்றன, பசாலியோஸ், சபாலியோஸ். பிறகு பரியோலாஸ் என்ற குட்டி வரி ஒலியை மாற்றுகிறது, கபியோலாஸும் ஃபமியோலாஸும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. நம் அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருமே, ஏறக்குறைய அந்த உத்திதான், ஆனால் இங்கே சங்கிலி இயைபில் ஓடுகிறது. ருத்பெஃபுக்கு இது மிகவும் பிடித்த வடிவம். தன் வறுமையைப் பற்றி, சூதாட்டத்தில் தோற்றதைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகளிலும் இதே எட்டு-எட்டு-நான்கு வரும், இந்த நாடகத்திலும் பல பகுதிகள் இந்த யாப்பில்தான் போகின்றன.

சரி, கடைசி வரி ஹர்ராஹியா. சங்கிலியின் விதிப்படி 'இயா' என்ற ஒலியை இரண்டு நீள வரிகள் பிடிக்க வேண்டும், ஆனால் மந்திரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் அந்த ஒலி அந்தரத்தில் தொங்குகிறதா? இல்லை. மந்திரம் முடிந்ததும் மேடைக்குச் சாத்தான் வருகிறான், வந்து பிரெஞ்சில் பேசுகிறான். அவனுடைய முதல் வரி 'கில் இ ஆ' என்று முடிகிறது, இரண்டாவது 'ஊப்ளியா' என்று முடிகிறது. அதாவது மந்திரவாதி பாதியில் விட்ட இயைபைச் சாத்தான் வந்து முடித்துக்கொடுக்கிறான்! அவன் சொல்வதன் பொருள் இது: "உள்ளதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாய், உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் எதையும் மறக்கவில்லை." மூன்றாவதாக நான்கு ஒலியில் ஒரு குட்டி வரி, "என்னைப் பாடாய்ப் படுத்துகிறாய்!" அந்தக் குட்டி வரியின் ஒலியைப் பிடித்துக்கொண்டு மந்திரவாதி பதில் சொல்கிறான், நான் கூப்பிட்டால் நீ வராமல் இருக்கக் கூடாது, உன் தோல் வேர்க்க வைக்கிறேன் பார் என்று. சங்கிலி அறுபடாமல் ஓடுகிறது.

இதுதான் என் ஆதாரம், இதைவிட வலுவான ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு புராதன மந்திரத்தை எங்கிருந்தோ எடுத்து நாடகத்துக்கு நடுவில் ஒட்டியிருந்தால் ஒட்டு தெரிந்திருக்கும். பாஸ்க் மேய்ப்பர்கள் காலம் காலமாகச் சொல்லி வந்த ஒரு பாட்டு, பாரிஸ் கவிஞர் ஒருவருடைய பிடித்தமான யாப்பில், அவர் நாடகத்தின் வசனத்தோடு கொக்கி மாட்டும்படி, எட்டு-எட்டு-நான்காகத் தற்செயலாக அமைந்திருக்க வேண்டும் என்றால், அதை நம்புவதற்குச் சாத்தானை நம்புவதைவிடப் பெரிய பக்தி வேண்டும்.

கதையையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் ஏன் அங்கே வருகிறது என்று புரியாது. தியோஃபில் என்பவர் அதானாவில், அதாவது இன்றைய துருக்கியின் தென்பகுதியில், ஆயரிடம் நிர்வாகியாக இருந்தவர். ஆயர் பதவி தேடி வந்தபோது தனக்குத் தகுதியில்லை என்று மறுத்துவிட்டார். புதிதாக வந்த ஆயரோ அவரை வேலையைவிட்டே தூக்கிவிட்டார். வயிற்றெரிச்சலில் ஒரு மந்திரவாதியைப் பிடித்துச் சாத்தானிடம் போய், இரத்தத்தில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பதவியைத் திரும்பப் பெறுகிறார், ஏழு ஆண்டு கழித்து மனம் வருந்தி அழுகிறார், மரியாள் சாத்தானிடமிருந்து பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுக்கிறாள். சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற ஃபாவுஸ்டின் கதைக்கு இது தாத்தா முறை. முதலில் கிரேக்கத்தில் இருந்தது, 9ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸைச் சேர்ந்த பவுல் என்ற திருத்தொண்டர் லத்தீனில் கொண்டுவந்தார், அதன்பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. ருத்பெஃப் எழுதிய காலத்தில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் வடக்கு வாசலுக்கு மேல் இந்தக் கதை சிற்பமாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. பார்க்க வந்த சனங்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். தெரிந்த கதையில் கூட்டத்தைச் சிலிர்க்க வைக்க ஒரு தருணம் வேண்டும், அதற்குத்தான் இந்த ஒன்பது வரி. மந்திரவாதியின் பெயர் சலாத்தின், சிலுவைப்போர்க் காலத்துச் சலாஹுத்தீன் பெயரைத்தான் ஞாபகப்படுத்துகிறது. வேற்று மத ஆள், புரியாத பாஷை, இருட்டு. நம் ஊரில் பூதம் வரும் காட்சியில் 'ஜீபூம்பா' என்றதும் குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவார்களே, அதே தொழில்.

அப்படியானால் எல்லாமே வாயில் வந்த ஒலிதானா என்றால், முழுக்க அப்படியும் சொல்ல மாட்டேன். லமேக் என்பது விவிலியத்தின் ஆதியாகமத்தில் வரும் லாமேக்கு. 'யோஸ்', 'யோலாஸ்' என்ற முடிவுகள் கிரேக்கம் தெரியாதவர் காதுக்குக் கிரேக்கம் மாதிரி கேட்கும். தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஹ'க்கள் ஹீப்ருவை நினைவூட்டும். எட்டாவது வரியில் ஒரு 'எத்' இருக்கிறது பாருங்கள், லத்தீனிலும் பிரெஞ்சிலும் 'மற்றும்' என்று பொருள்படும் சாதாரணச் சொல். பேய்மொழியில் பேசிக்கொண்டே போனவர் நடுவில் உள்ளூர்ச் சொல் ஒன்றை உதிர்த்துவிட்டார். கவனக்குறைவா, இல்லை ஓர் ஒலி குறைகிறது என்று வேண்டுமென்றே போட்டாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. 13ஆம் நூற்றாண்டு நாடக வரி எப்படி 'ஆதி மந்திரம்' ஆயிற்று? இடையில் பல நூறு ஆண்டுகள் இதைச் சொல்லி யாரும் எதையும் அழைத்ததாகத் தெரியவில்லை. பழைய பிரெஞ்சு இலக்கியத்தைப் பதிப்பித்த அறிஞர்களின் மேசையில்தான் கிடந்தது. 1929இல் கிரியோ த ஜிவ்ரி என்பவர் மந்திரவாதம், ரசவாதம் பற்றி ஏராளமான படங்களோடு ஒரு பிரெஞ்சு நூல் வெளியிட்டார், அதில் இந்த வரிகளையும் எடுத்துப் போட்டார். அந்த நூல் 1931இல் ஆங்கிலத்தில் வந்தது. அங்கிருந்துதான் இங்கிலாந்தின் ஜெரால்ட் கார்ட்னர் கைக்குப் போயிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து, எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. கார்ட்னர் என்றால் 'விக்கா' என்ற நவீன சூனியக்காரி மதத்தை 1940, 50களில் உருவாக்கியவர். இளம் வயதில், 1900இல், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், அதன்பின் சுங்கத்துறை அதிகாரி. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், கிறிஸ்தவத்துக்கும் முந்திய சூனியக்காரிகளின் மதம் ஒன்று இரகசியமாகத் தொடர்ந்து வருகிறது என்றும், அதில் தான் தீட்சை பெற்றதாகவும் சொன்னார்.

கார்ட்னருடைய சடங்குக் குறிப்பேட்டில் இந்த மந்திரம் இருக்கிறது, ஆனால் முன்னால் 'எக்கோ எக்கோ அசராக், எக்கோ எக்கோ சொமெலாக்' என்று வேறொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த எக்கோ எக்கோவை அவருக்கு முன்பே 1920களில் ஒரு கட்டுரையில் அச்சேற்றியவர் ஜே. எஃப். சி. ஃபுல்லர், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிப் படைக்குத் திட்டம் வகுத்த ராணுவ அதிகாரி! பேர்போன ஆங்கில மந்திரவாதி அலைஸ்டர் குரோலியோடு சில காலம் சுற்றியவர். பிற்காலத்தில் அதே எக்கோ எக்கோவோடு செர்னுன்னோஸ், அரேடியா என்ற இரண்டு தெய்வப் பெயர்களும் சேர்ந்துகொண்டன. செர்னுன்னோஸ் என்ற பெயர் பொறித்த கல் 1710-11 வாக்கில் கிடைத்தது, எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே நோத்ர தாம் பேராலயத்தின் தரைக்கு அடியில். அரேடியா 1899இல் சார்ல்ஸ் லீலண்ட் வெளியிட்ட இத்தாலியச் சூனியக்காரிகள் பற்றிய நூலிலிருந்து வருகிறாள். ஆக நான்கு கடைகளில் வாங்கிய சாமானை ஒரே மூட்டையாகக் கட்டிப் பாட்டியின் பெட்டகம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

வரிகளை வைத்தே நகல் எந்தத் திசையில் போயிற்று என்று காட்ட முடியும், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கார்ட்னர் குறிப்பேட்டில் பகாஹி என்பது பகாபி ஆகிவிடுகிறது, பசாஹே பசாபே ஆகிவிடுகிறது. லத்தீன் எழுத்தில் 'ஹ'வுக்கும் (h) 'ப'வுக்கும் (b) உள்ள வித்தியாசம் கீழே உள்ள வளைவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டும்தான், கண் தவறினால் போச்சு. இது காதால் கேட்டு வந்த பிழையாக இருக்க முடியாது, கண்ணால் படித்து வந்த பிழை. அப்புறம், லகோசாதா என்ற ஒரு சொல்லைக் கார்ட்னர் குறிப்பேடு 'லகோஸ் அதா' என்று இரண்டாகப் பிளக்கிறது. பிளந்ததும் 'அதா' என்பது ஏதோ இணைப்புச் சொல் மாதிரி தெரிகிறது, அடுத்த வரியில் இருந்த சாதுவான 'எத்'தும் போய் அங்கேயும் 'அதா' வந்து உட்கார்ந்துவிட்டது. வெளிப்படையாகப் பிரெஞ்சு, லத்தீன் வாசனை அடித்த ஒரே சொல் அது, அதுவும் போயிற்று. பசாலியோஸ் பசாலியாஸ் ஆகிறது, பரியோலாஸ் பரியோலோஸ் ஆகிறது, அதாவது இயைபு சரியாக எங்கே கொக்கி மாட்ட வேண்டுமோ அங்கே உடைந்து போகிறது. எழுதினவருக்கு இது செய்யுள் என்பதே தெரியவில்லை. ஒழுங்கான வடிவம் பழையது, உடைந்த வடிவம் புதியது. உடைந்ததிலிருந்து இவ்வளவு கச்சிதமான யாப்பு தானாக முளைக்காது.

பாஸ்க் கதை அதற்கும் பிறகு வந்தது. 1970களில் மைக்கேல் ஹாரிசன் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்த வரிகளைப் பாஸ்க் என்று கொண்டு பொருள் சொல்லப் பார்த்தார். பாஸ்க் ஏன் என்றால் அது ஐரோப்பாவில் எந்த மொழியோடும் சொந்தம் கொண்டாடாத தனிக்கட்டை மொழி, எதற்கும் விடை தெரியாவிட்டால் அதன் தலையில் கட்டுவது ஒரு பழக்கம். எழுத்தை அங்கே கொஞ்சம் மாற்றி இங்கே கொஞ்சம் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தால் இதே ஒன்பது வரியைத் தமிழ் என்றுகூட நான் நிறுவிக் காட்டுவேன், தயவுசெய்து யாரும் அந்த வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

இதைச் சொன்னதும் எல்லா மந்திரமும் கட்டுக்கதை என்று முடிவு கட்ட வேண்டாம். பேய் அழைக்கும் ஐரோப்பிய நூல்களில், சாலமோன் பெயரில் உலவும் அந்த வகையறாவில், வரும் சொற்களில் பல உண்மையான சொற்கள்தான், அடிபட்டு நசுங்கியவை. 'இஸ்கிரோஸ், அதனாடோஸ்' என்று பயமுறுத்துவார்களே, அது 'வல்லவர், சாவற்றவர்' என்ற கிரேக்கம், பெரிய வெள்ளி வழிபாட்டில் லத்தீன் திருச்சபையே கிரேக்கத்தில் பாடிவந்த வரி. இந்த நூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் கோவிலில் சின்னப் பொறுப்பில் இருந்த குருமார்கள், கிரேக்கம் தெரியாது, ஆனால் வருடா வருடம் அதைக் காதால் கேட்டவர்கள். மூனிக் நூலகத்தில் 849 என்ற எண்ணில் 15ஆம் நூற்றாண்டு லத்தீன் கையேடு ஒன்று இருக்கிறது, முழுக்கப் பேய்களை ஏவும் வேலைதான், படித்தால் பாதி இடத்தில் பூசை கேட்கிற மாதிரியே இருக்கும். 'ஆக்லா' என்பது யூதர்களின் அன்றாட வழிபாட்டில் வரும் 'ஆண்டவரே, நீர் என்றென்றும் வல்லவர்' என்ற நான்கு ஹீப்ருச் சொற்களின் முதலெழுத்து. 'ஓன்' என்பது கிரேக்க விவிலியத்தில் கடவுள் மோசேயிடம் சொல்லும் பெயர், நம் தமிழ் விவிலியத்தில் 'இருக்கிறவராக இருக்கிறேன்' என்று வருமே, அதில் அந்த 'இருக்கிறவர்'. 'டெட்ராகிராமட்டன்' என்றால் வெறுமே 'நான்கெழுத்து'. சொல்லக் கூடாத பெயரைச் சுட்டுவதற்கு வைத்த சொல்லையே பெயராக நினைத்துக் கத்துகிறார்கள், நமசிவாய சொல்ல வேண்டிய இடத்தில் ஒருவர் "ஐந்தெழுத்து! ஐந்தெழுத்து!" என்று உச்சாடனம் செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

இன்னொன்று மட்டும் சொல்கிறேன், இது நேர்த் தலைகீழாகத் திரும்பிய கதை. எகிப்தில் கிடைத்த 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்றில் 'தலையில்லாதவனே, உன்னை அழைக்கிறேன்' என்று தொடங்கும் சடங்கு இருக்கிறது. ஒரு மனிதனைப் பிடித்த பேயை விரட்டுவதற்கானது, பச்சையாகச் சொன்னால் பேயோட்டு. 1852இல் குட்வின் என்ற ஆங்கிலேயர் மொழிபெயர்த்துக் கேம்பிரிட்ஜில் வெளியிட்டார். அதை எடுத்துத் 'தலையில்லாதவன்' என்பதைப் 'பிறப்பில்லாதவன்' என்று மெருகேற்றி, குரோலி 1904இல் பதிப்பித்த 'கோயட்டியா' என்ற 72 பேய்களின் நூலுக்கு முன்னால் தொடக்க வழிபாடாக வைத்துவிட்டார்கள். பேயை விரட்ட எழுதினது பேயைக் கூப்பிட முன்வாசலில் நிற்கிறது. அதிலும் இயாவோ, சபவோத் என்று யூதக் கடவுளின் பெயர்கள், எகிப்தியக் கடவுள் ஒசிரிஸின் பெயர், எல்லாம் கலந்து கிடக்கும்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு மந்திரம் கண்ணில் பட்டால் எந்த மொழி என்று கேட்பதற்கு முன்னால், முதன்முதலில் எந்த ஏட்டில், எந்த ஆண்டில், யார் வாயில் வருகிறது என்று கேளுங்கள். அது தெரிந்த பிறகுதான் வாய்விட்டுப் படித்து ஒலியை எண்ண வேண்டும், பிறகு கிடைக்கிற படிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த வரையில் மக்கள் மூன்றாவது நாளில் செய்ய வேண்டிய வேலையான பொருள் தேடுவதை முதல் நாளே தொடங்கிவிடுகிறார்கள், அங்கேதான் பாஸ்க் வந்து மாட்டிக்கொள்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டும் "இருந்தாலும் ஹீப்ருவாக இருக்கலாமே" என்று சொல்பவர்களுக்கு ஒரு சங்கதி. அந்த நாடகத்திலேயே சாத்தான் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பும்போது மந்திரவாதியிடம் கெஞ்சுகிறான், சலாத்தின், போய் வா, இனிமேல் சில மாதத்துக்காவது என்னைத் தொந்தரவு செய்யாதே, ஹீப்ருவிலும் வேண்டாம், லத்தீனிலும் வேண்டாம் என்று. அந்த வசனத்திலும் 'சலாத்தின்' என்ற பெயருக்கு 'லத்தின்' இயைபாக வந்து உட்கார்ந்திருக்கிறது.